அத்தியாயம் 6: வட்டத்தின் பரப்பு

செவ்வக அறையை அளக்கத் தெரியாதவர் வேலைத்தளத்தில் யாரும் இல்லை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, தென்னைப் பாத்தி, கம்பி, குழாய், மரத்தடி என்று வட்டமான ஒன்று எதிரே வந்ததும்தான் பலருக்குக் கை தயங்குகிறது. மேஸ்திரி சொன்ன கணக்கையோ வியாபாரி சொன்ன கணக்கையோ அப்படியே ஏற்றுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாய்பாடு மறந்துபோனதால் இது நடப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது பெரும்பாலோருக்கு நினைவில்தான் இருக்கிறது. எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்த எண்ணை எங்கே போடுவது என்ற மூன்று இடங்களில்தான் கணக்கு பிசகுகிறது. இந்த அத்தியாயம் அந்த மூன்றையும் பற்றியது. ஒரு டேப், ஒரு நோட்டு, செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் ஆகியவை போதும்.

மூன்று அளவுகள்

வட்டத்தில் அளக்கக் கூடியவை மூன்று. நடுப்புள்ளி வழியாக ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை உள்ள தூரம் விட்டம். அதில் பாதி ஆரம். விளிம்பைச் சுற்றி வரும் நீளம் சுற்றளவு.

வட்டம் சிறியதோ பெரியதோ, சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்தான் வரும். ஏறத்தாழ 3.1416. அதற்குத்தான் பை என்று பெயர். எனவே மூன்றில் ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டும் தெரிந்த மாதிரிதான். கிணற்றின் நடுவில் யாரும் போய் நிற்க முடியாது. ஆனால் விட்டத்தை அளக்கலாம். நிற்கும் மரத்தின் விட்டத்தை அளக்க முடியாது. ஆனால் சுற்றளவை அளக்கலாம். ‘ஆரம் தெரியாமல் பரப்பு போட முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாய்பாடு எங்கிருந்து வருகிறது?

காரணம் புரிந்துகொண்ட வாய்பாடு மறக்காது. அதற்காக ஒரே ஒரு செய்முறை.

வட்டமான கயிற்று மிதியடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகக் கயிற்றை அடுக்கித் தைத்திருப்பார்கள். விளிம்பிலிருந்து நடுப்புள்ளிவரை ஒரே நேர்க்கோட்டில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் நிமிர்த்தித் தரையில் வரிசையாக ஒட்டி வையுங்கள். வெளிச்சுற்று முதல் வரிசை. அதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. அடுத்த சுற்று சற்றுக் குட்டை. இப்படியே குறைந்துகொண்டு போய், நடுவில் இருந்த துண்டு விரல் நுனி அளவுக்கு வந்து நிற்கும். தரையில் இப்போது கிடப்பது ஒரு முக்கோணம். அதன் அடிப்பக்கம் வட்டத்தின் சுற்றளவு. உயரம் வட்டத்தின் ஆரம்.

முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கியதில் பாதி. ஆகவே வட்டத்தின் பரப்பு, சுற்றளவில் பாதியை ஆரத்தால் பெருக்கினால் வருவது. ஆரம் என்பது விட்டத்தில் பாதி. ஆக,

பரப்பு = பாதிச் சுற்றளவு × பாதி விட்டம்.

இந்த விதி நம் ஊருக்குப் புதிதல்ல. காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்ட நிலத்தின் குழிக்கணக்கை இப்படித்தான் சொல்லித் தருகிறது. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்திலும் இதே விதி இருக்கிறது. அவர்களுக்கு முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ், சுற்றளவையும் ஆரத்தையும் இரு பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணமும் வட்டமும் ஒரே பரப்புடையவை என்று நிறுவினார். மிதியடியை வெட்டி நாம் பார்த்தது அதைத்தான்.

பாதிச் சுற்றளவு என்பது பை × ஆரம். அதை இன்னொரு முறை ஆரத்தால் பெருக்கினால் பை × ஆரம் × ஆரம். பள்ளியில் படித்த வாய்பாடு இதுதான்.

கையில் உள்ள அளவுக்கு ஏற்ற வாய்பாடு

வேலைத்தளத்தில் எந்த அளவு எளிதாகக் கிடைக்கிறதோ அதை நேராகப் போடும் வாய்பாட்டைப் பயன்படுத்துங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ஒவ்வொரு படியும் தவறுக்கு ஒரு வாய்ப்பு.

- ஆரம் தெரிந்தால்: ஆரம் × ஆரம் × 3.1416
- விட்டம் தெரிந்தால்: விட்டம் × விட்டம் × 0.7854
- சுற்றளவு தெரிந்தால்: சுற்றளவு × சுற்றளவு × 0.0796
- விட்டமும் சுற்றளவும் தெரிந்தால்: இரண்டையும் பெருக்கி 4ஆல் வகுக்க வேண்டும்

கால்குலேட்டர் இல்லாத இடத்தில் பின்னமாகப் போடலாம். முதல் வாய்பாட்டில் 22/7, இரண்டாவதில் 11/14, மூன்றாவதில் 7/88.

இவற்றில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். 0.7854 என்ற எண்ணுக்குக் கண்ணால் பார்க்கக் கூடிய பொருள் உண்டு. வட்டத்தை நாலு பக்கமும் தொட்டு நிற்கும் ஒரு சதுரத்தை வரையுங்கள். அதன் பக்கம் வட்டத்தின் விட்டம். அந்தச் சதுரத்தில் நூற்றுக்கு 78½ பங்கை வட்டம் எடுத்துக்கொள்கிறது. மீதி 21½ பங்கு நாலு மூலைகளிலும் கிடக்கிறது. பழைய பின்னக் கணக்கு தெரிந்தவர்கள் முக்காலும் அரைவீசமும் என்று வைத்துக்கொள்ளலாம். அது 0.78125, அரை சதவீதம்தான் குறைவு.

எந்தக் கணக்கைப் போட்டு முடித்தாலும் இதை வைத்துச் சரிபாருங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதில் முக்காலுக்குச் சற்று மேல் வருகிறதா என்று பார்த்தால் போதும். வரவில்லையென்றால் எங்கேயோ பிசகியிருக்கிறது.

பை எவ்வளவு துல்லியமாக வேண்டும்?

22/7 என்பது உண்மையான பையைவிட 0.04 சதவீதம் அதிகம். 3.14 என்பது 0.05 சதவீதம் குறைவு. 20 அடி விட்டக் கிணற்றின் பரப்பில் 22/7 போடுவதால் வரும் வித்தியாசம் ஒரு சதுர அடியில் எட்டில் ஒரு பங்கு. கட்டட வேலைக்கும் விவசாய வேலைக்கும் இது தூசுக்குச் சமம். 3.1416 என்ற மதிப்பை ஆரியபட்டரே கொடுத்துவிட்டார். விட்டம் 20,000 ஆனால் சுற்றளவு ஏறத்தாழ 62,832 என்பது அவர் கணக்கு.

இன்னும் நுணுக்கம் வேண்டுவோர் 355/113 என்ற பின்னத்தைப் பயன்படுத்தலாம். ஐந்தாம் நூற்றாண்டில் சீனக் கணிதர் சூ சோங்ழி கண்ட மதிப்பு இது. ஆறு தசம இடம்வரை சரியாக இருக்கும். 113355 என்று எழுதி நடுவில் பிரித்தால் கீழும் மேலும் கிடைத்துவிடும். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தொடர்களில் ஒன்றைக் கொண்டு 1985இல் பையின் மதிப்பை 1.7 கோடி இலக்கங்களுக்கும் மேல் கணினியில் கணக்கிட்டார்கள். அறிவுக்கு அது பெருமை. கிணறு வெட்ட நாலு இலக்கம் போதும்.

டேப் பிடிப்பதில் வரும் பிழை இதைவிடப் பல மடங்கு பெரியது. விட்டத்தில் 1 சதவீதம் தவறினால் பரப்பில் 2 சதவீதம் தவறும். 20 அடிக்கு 1 சதவீதம் என்பது இரண்டரை அங்குலம்கூட இல்லை. டேப் நன்றாகத் தொய்ந்துவிட்டால் அவ்வளவு வந்துவிடும்.

டேப்பைப் பிடிக்கும் முறை

*விட்டத்தை அளக்க.* ஒருவர் டேப்பின் நுனியை விளிம்பில் ஓரிடத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் எதிர் விளிம்பில் டேப்பை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். எங்கே எண் அதிகபட்சமாக வருகிறதோ அதுதான் விட்டம். நடுப்புள்ளி எங்கே என்று தேட வேண்டியதில்லை.

*வட்டம் கோணலாக இருந்தால்.* கையால் வெட்டிய கிணறோ பழைய தொட்டியோ சரியான வட்டமாக இருப்பது அபூர்வம். ஒரு விட்டத்தை அளந்தபின், அதற்குக் குறுக்காகச் செங்கோணத்தில் இன்னொரு விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி 0.7854ஆல் பெருக்கினால் பரப்பு. நீள்வட்டத்துக்கும் இதுவே முறை.

*சுற்றளவை அளக்க.* டேப் மட்டமாகச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் அளவு கூடிவிடும். கயிற்றால் அளப்பதென்றால் இழுத்தால் நீளாத கயிறாக இருக்கட்டும். மெல்லிய கட்டுக்கம்பி இன்னும் நல்லது.

*உள்ளா, வெளியா.* தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதற்கு உள்விட்டம் வேண்டும். மூடித் தளம் போட வெளிவிட்டம் வேண்டும். வெளியே சுற்றளவு 33 அடி என்றால் வெளிவிட்டம் பத்தரை அடி. சுவர் நாலரை அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 9 அங்குலம் கழியும்; உள்விட்டம் 9 அடி 9 அங்குலம். வெளிப்பரப்பு 86.6 சதுர அடி, உள்பரப்பு 74.7 சதுர அடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் 14 சதவீதம் தண்ணீர் கணக்கில் மட்டும் இருக்கும், தொட்டியில் இருக்காது.

*நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க.* வட்டத் தகட்டுக்கோ மேசைப் பலகைக்கோ நடுவில் துளை போட வேண்டியிருக்கும். தச்சரின் மூலைமட்டத்தை எடுத்து, அதன் மூலை வட்ட விளிம்பைத் தொடும்படி வையுங்கள். இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் இரு புள்ளிகளைக் கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோடு ஒரு விட்டம். வேறோர் இடத்தில் மூலையை வைத்து இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் நடுப்புள்ளி.

கணக்கு 1: கிணற்றில் எவ்வளவு தண்ணீர்?

குறுக்கும் நெடுக்குமாக அளந்ததில் ஒரு விட்டம் 20 அடி 3 அங்குலம், மற்றது 19 அடி 9 அங்குலம் என்று கொள்வோம். தசமத்தில் 20.25, 19.75.

20.25 × 19.75 × 0.7854 = 314.1 சதுர அடி.

ஒரு கன அடி என்பது 28.317 லிட்டர். எனவே இந்தக் கிணற்றில் தண்ணீர் ஓர் அடி ஏறினால் 314.1 × 28.317, அதாவது ஏறத்தாழ 8,900 லிட்டர். இந்த ஒரு எண்ணைக் கிணற்றுச் சுவரிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி மோட்டாரை நிறுத்தி, காலையில் 4 அடி ஊறியிருந்தால் ஊற்று 35,600 லிட்டர். மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதை 1 மணி 47 நிமிடத்தில் காலி செய்துவிடும். எந்தப் பயிர் வைப்பது, எத்தனை நாள் முறை வைத்துப் பாய்ச்சுவது என்ற முடிவெல்லாம் இந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கு 2: தென்னைக்கு வட்டப்பாத்தி

காய்க்கும் தென்னைக்கு அடிமரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து உரமிட வேண்டும் என்பது வேளாண் துறையின் பரிந்துரை.

1.8 × 1.8 × 3.1416 = 10.18 சதுர மீட்டர்.

பாத்தியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமானால் 10.18 × 0.05 = 0.509 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால் மரத்துக்கு 509 லிட்டர்.

வேலையாள் மண்வெட்டியால் குத்துமதிப்பாக 1 மீட்டர் ஆரத்தில் பாத்தியை எடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? பரப்பு 3.14 சதுர மீட்டர்தான். ஆரம் பாதிக்கும் மேல் இருந்தும் பரப்பு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பரப்பு ஆரத்தோடு நேராக ஏறி இறங்குவதில்லை. ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குகிறது. உரம் போட வேண்டிய வேர்ப்பகுதியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். இரண்டு முளைக்குச்சியும் 1.8 மீட்டர் கயிறும் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

கணக்கு 3: கம்பியின் எடை

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கம் போட்டு, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். வேலைத்தளத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. 162 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. அதுவும் வட்டத்தின் பரப்பிலிருந்து வந்ததுதான்.

12 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக்கொள்வோம். விட்டம் 1.2 சென்டிமீட்டர். பரப்பு 1.2 × 1.2 × 0.7854 = 1.131 சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கன அளவு 113.1 கன சென்டிமீட்டர். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். பெருக்கினால் 888 கிராம். குறுக்கு வழியில் போட்டால் 144 ÷ 162 = 0.889 கிலோ. 12 மீட்டர் முழுக்கம்பி 10.67 கிலோ.

- 8 மில்லிமீட்டர்: மீட்டருக்கு 0.395 கிலோ
- 10 மில்லிமீட்டர்: 0.617 கிலோ
- 12 மில்லிமீட்டர்: 0.889 கிலோ
- 16 மில்லிமீட்டர்: 1.58 கிலோ
- 20 மில்லிமீட்டர்: 2.47 கிலோ

லாரியில் வந்த கம்பியை எண்ணி, இந்த எடையால் பெருக்கி, எடைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பில் சிறு ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டது. அதைத் தாண்டிய வித்தியாசம் இருந்தால் இறக்குவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 12 மில்லிமீட்டர் கம்பி தீர்ந்துவிட்டது, அதற்குப் பதில் 8 மில்லிமீட்டரில் இரண்டு போடலாமா என்று கேட்பார்கள். 8உம் 8உம் சேர்ந்தால் 16 ஆயிற்றே என்ற எண்ணம். பரப்பைப் பாருங்கள். 8இன் வர்க்கம் 64, இரண்டுக்கு 128. 12இன் வர்க்கம் 144. எஃகு 11 சதவீதம் குறைகிறது. தளத்தின் பலம் கம்பியின் பரப்பில் இருக்கிறது. பொறியாளரைக் கேட்காமல் கம்பியை மாற்றவே கூடாது.

குழாய்க்கும் இதே நியாயம். 1 இஞ்ச் குழாயின் பரப்பு, அரை இஞ்ச் குழாய் நாலின் பரப்புக்குச் சமம். சிறிய குழாயில் உராய்வு அதிகம் என்பதால் உண்மையில் அந்த நாலும் சேர்ந்தும் ஒரு 1 இஞ்ச் குழாய் அளவுக்குத் தண்ணீர் தராது.

கணக்கு 4: மரத்தடியின் கன அடி

மர வியாபாரத்தில் கால் சுற்றளவு முறை என்று ஒன்று உண்டு. தடியின் நடுவில் சுற்றளவை எடுத்து, அதை 4ஆல் வகுத்து, வர்க்கம் போட்டு, நீளத்தால் பெருக்குவார்கள். நடுச்சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 1 × 1 × 10 = 10 கன அடி.

வட்டத்தின் பரப்புப்படி போட்டால் 4 × 4 × 0.0796 = 1.273 சதுர அடி. நீளம் 10 அடிக்கு 12.73 கன அடி. கால் சுற்றளவு முறை உண்மையான கன அளவில் நூற்றுக்கு 78½ பங்கைத்தான் காட்டுகிறது. தடியை அறுத்துச் சதுரமாக்கும்போது மேல்பட்டையாகப் போகும் சேதாரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு இது. வாங்குபவரும் விற்பவரும் தெரிந்தே ஒப்புக்கொண்டால் இதில் தவறில்லை. தோட்டத்தில் வளர்த்த தேக்கையோ வேம்பையோ முதன்முறையாக விற்கும் விவசாயிதான் இதை அறிந்துகொள்ள வேண்டும். விலை பேசும்போதே ‘எந்த முறைப்படி கன அடி?’ என்று கேட்டுவிடுங்கள். ஒரே மரத்துக்கு இரண்டு கணக்கிலும் விலை மாறும்.

வளையமும் பாதி வட்டமும்

கிணற்றுக் கைப்பிடிச் சுவர், வட்டத் தொட்டியின் அடித்தளம், புல்வெளியைச் சுற்றிய நடைபாதை எல்லாம் வளையங்கள். பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து சிறிய வட்டத்தின் பரப்பைக் கழிப்பது ஒரு வழி. சுவரின் நடுக்கோட்டுச் சுற்றளவைச் சுவர் கனத்தால் பெருக்குவது சுருக்கு வழி.

20 அடி உள்விட்டக் கிணற்றுக்கு 9 அங்குலக் கைப்பிடிச் சுவர். நடுக்கோட்டு விட்டம் 20.75 அடி. சுற்றளவு 20.75 × 3.1416 = 65.19 அடி. கனம் 0.75 அடியால் பெருக்க, 48.9 சதுர அடி. சுவர் 3 அடி உயரம் என்றால் 146.7 கன அடி செங்கல் வேலை. கழித்தல் முறையிலும் இதே விடை வரும், போட்டுப் பாருங்கள். உள்சுற்றளவை வைத்துப் போட்டால் கட்டுபவருக்கு நட்டம், வெளிச்சுற்றளவை வைத்துப் போட்டால் கட்டுவிப்பவருக்கு நட்டம். நடுக்கோடு இருவருக்கும் பொது.

பாதி வட்டத்துக்கு முழுப் பரப்பில் பாதி. கால் வட்டத்துக்கு ஆரம் × ஆரம் × 0.7854. பால்கனி மூலையை 4 அடி ஆரத்தில் வளைத்தால் கிடைப்பது 12.57 சதுர அடி. சதுரமாக விட்டிருந்தால் 16. வளைவுக்காக விட்டுக்கொடுப்பது 3.43 சதுர அடி. விசிறி வடிவத் துண்டுக்கு அதன் கோணத்தை 360ஆல் வகுத்து முழுப் பரப்பால் பெருக்குங்கள்.

பரப்பிலிருந்து விட்டத்துக்கு

‘10,000 லிட்டர் பிடிக்கும் வட்டத் தொட்டி வேண்டும், 5 அடி தண்ணீர் நிற்கட்டும்’ என்று ஒருவர் கேட்கிறார். இப்போது பின்னாலிருந்து வர வேண்டும்.

1. லிட்டரைக் கன அடியாக்குங்கள்: 10,000 ÷ 28.317 = 353.1
2. உயரத்தால் வகுத்தால் பரப்பு: 353.1 ÷ 5 = 70.6 சதுர அடி
3. 0.7854ஆல் வகுங்கள்: 89.9
4. வர்க்கமூலம் எடுங்கள்: 9.48 அடி

9 அடி 6 அங்குலம் உள்விட்டம் வைத்தால் போதும். சரிபார்ப்பு: 9.5 × 9.5 × 0.7854 × 5 × 28.317 = ஏறத்தாழ 10,036 லிட்டர். பூச்சுக்கு உள்ளே கிடைக்க வேண்டிய அளவு இது. பூச்சுக் கனத்தைக் கூட்டிக் கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே விட வேண்டிய இடைவெளியும் தனி.

அடிக்கடி நேரும் நான்கு தவறுகள்

*ஆரத்தின் இடத்தில் விட்டம்.* விடை நாலு மடங்காகிவிடும். நோட்டில் வெறும் எண்ணை எழுதாமல், ‘விட்டம் 20 அடி’ என்று பெயரோடு எழுதினால் இது நேராது.

*அங்குலத்தைத் தசமமாக எழுதுவது.* 7 அடி 11 அங்குலத்தை 7.11 என்று அழுத்துபவர்கள் ஏராளம். உண்மையில் அது 7.917. பரப்பில் 39.7க்கும் 49.2க்கும் உள்ள வித்தியாசம் அது; ஒன்பதரை சதுர அடி காணாமல் போகும். அங்குலத்தை 12ஆல் வகுத்துத்தான் அடியோடு சேர்க்க வேண்டும். 3 அங்குலம் 0.25, 4 அங்குலம் 0.333, 6 அங்குலம் 0.5, 8 அங்குலம் 0.667, 9 அங்குலம் 0.75.

*பையையும் சேர்த்து வர்க்கம் போடுவது.* முதலில் ஆரத்தை ஆரத்தால் பெருக்குங்கள். பிறகு பையால் பெருக்குங்கள். பையை ஒருமுறைதான் போட வேண்டும்.

*சதுர அலகை நேரான அலகு போல மாற்றுவது.* ஓர் அடி 12 அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஒரு மீட்டர் 3.281 அடி; ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. காவிரி டெல்டாவில் ஒரு குழி 144 சதுர அடி.

பயிற்சி

விடைகளை மறைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

1. 6 அடி உள்விட்டமுள்ள தரைத்தொட்டியில் 4 அடி தண்ணீர். எத்தனை லிட்டர்?
2. தூணின் சுற்றளவு 66 அங்குலம். குறுக்குவெட்டுப் பரப்பு என்ன?
3. 100 அடி விட்டமுள்ள வட்டக் குட்டை எத்தனை சென்ட்?
4. 30 அடி விட்டப் புல்வெளியைச் சுற்றி 3 அடி அகல நடைபாதை. தளக்கல் எத்தனை சதுர அடிக்கு வேண்டும்?
5. 16 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம். எடை என்ன?

விடைகள்: 1) பரப்பு 28.27 சதுர அடி; சுமார் 3,200 லிட்டர். 2) 66 × 66 × 7 ÷ 88 = 346.5 சதுர அங்குலம், அதாவது 2.41 சதுர அடி. 3) 7,854 சதுர அடி, 18 சென்ட். 4) நடுக்கோட்டு விட்டம் 33 அடி, 311 சதுர அடி. வெட்டுச் சேதாரம் இதற்கு மேல். 5) 18.96 கிலோ.

ஐந்தும் சரியாக வந்திருந்தால் வட்டமான எந்தப் பொருளின் கணக்கையும் நீங்கள் தைரியமாகக் கேள்வி கேட்கலாம். அடுத்த முறை பில் கைக்கு வந்ததும் பணத்தை எண்ணுவதற்கு முன் நீங்களே டேப்பை எடுத்து விட்டத்தை அளந்து பாருங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 0.7854ஆல் பெருக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கணக்கு சரியென்றால் மனநிறைவோடு கொடுங்கள். தவறென்றால் நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.